மாசத்தைச் சொல்லுங்க, கடலைச் சொல்றேன்

மதுரையில் சொந்தமாக ஒரு வேன் வைத்து ஓட்டுகிறேன். பத்தொன்பது பேர் உட்காரலாம். கல்யாணம், காதுகுத்து, குலதெய்வக் கும்பிடு போக மீதிச் சவாரியில் பெரும்பங்கு கடலுக்குத்தான். வைகையில் நாலு நாள் தண்ணீர் வந்தாலே பாலத்தில் பைக்கை நிறுத்தி வேடிக்கை பார்க்கிற ஊர் எங்கள் ஊர். அப்படிப்பட்டவர்களுக்குக் கடல் என்றால் எவ்வளவு ஆசை இருக்கும்! பரீட்சை முடிந்ததும் போன் வர ஆரம்பித்துவிடும். "அண்ணே, காலைல போயிட்டு ராத்திரி வந்துடற மாதிரி ஒரு பீச்சு சொல்லுங்க."

நான் ஊர்ப்பெயர் எதையும் சொல்ல மாட்டேன். எந்த மாசம் போகப் போகிறீர்கள் என்று கேட்பேன். வண்டி கேட்டவர் குழம்பிப் போவார். "பீச்சுக்கு என்னண்ணே மாசம்? அது எப்பவும் அங்கதான இருக்கும்?" என்று ஒருவர் கேட்டார். கடல் அங்கேயேதான் இருக்கும். காற்று அப்படி இருக்காது.

மதுரைக்குக் கிழக்கே இருப்பது ஒரு கடல் அல்ல, இரண்டு. ராமநாதபுரத்துக்கு அப்பால் நிலம் ஒடுங்கிக்கொண்டே போய் மண்டபத்தில் முடிகிறது. அதற்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. மண்டபத்தில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடந்தே போய்விடலாம். என் மனைவிக்கு ஊர் அந்தப் பக்கம். அங்கே வடக்குக் கடலைப் பெண் கடல் என்றும் தெற்குக் கடலை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். வடக்குக் கடலில் ஆழம் குறைவு, பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு மீட்டரைத் தாண்டாது. சுற்றிலும் நிலம் அணைத்திருப்பதால் பெரிய அலையும் வராது. தெற்குக் கடல் இந்தியப் பெருங்கடலைப் பார்த்துத் திறந்து கிடப்பது.

மே மாதக் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று. அந்தப் பக்கத்தில் அதற்குக் கச்சான் என்று பெயர். கச்சான் அடிக்கும்போது தெற்குக் கடல் கொந்தளிக்கும். அதே நாளில் இரண்டு கிலோமீட்டர் தள்ளி வடக்குக் கடல் குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை பிறந்து வாடை விழுந்ததும் எல்லாம் தலைகீழ். வடக்குக் கடல் கலங்கிச் சுருட்டும், தெற்கே அமைதி. மாசி, பங்குனியில் இரண்டுமே ஓரளவு சமாதானமாக இருக்கும். கடலுக்குப் போக நல்ல காலம் எது என்றால் என் கணக்கில் அதுதான். ஆனால் பிள்ளைகளுக்குப் பரீட்சையும் அப்போதுதான் வரும். என்ன செய்ய!

ஆகவே கோடை லீவில் போகிறவர்களுக்கு வடக்குக் கரை, கிறிஸ்துமஸ், பொங்கல் லீவில் போகிறவர்களுக்குத் தெற்குக் கரை. இதுதான் என் முதல் கணக்கு. பிறகும் முந்தின நாள் சாயங்காலம் என் மனைவியின் தம்பிக்கு ஒரு போன் போடுவேன். அவன் நாட்டுப்படகில் போகிறவன்.

"மாப்ளே, காத்து எப்படி?"

"கச்சான் தூக்கி அடிக்குது மச்சான். தெக்க வராதீய. வடக்க வாங்க, தண்ணி கண்ணாடியா இருக்கு."

செல்போனில் வருகிற வானிலையையும் பார்ப்பேன். அதில் மழை வருமா என்பதைத்தான் முதலில் போடுகிறார்கள். கடலுக்குப் போகிறவன் பார்க்க வேண்டியது காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது, எவ்வளவு வேகம் என்பதை.

இதில் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது, பலருக்கும் தெரியாது. கச்சான் காலத்தில் வடக்குக் கரையில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். அலை இல்லை, தண்ணீர் இடுப்பளவு, பயமே தோன்றாது. பிள்ளையைக் காற்றடைத்த ரப்பர் வளையத்தில் உட்காரவைத்துவிட்டு அப்பா போட்டோ எடுப்பார். காற்று அந்த வளையத்தை உள்ளே தள்ளிக்கொண்டே போகும். நடந்து எட்டிப் பிடிக்கலாம் என்று நினைப்பதற்குள் காற்று முந்திக்கொள்ளும். என் வண்டியில் யாராவது அந்த வளையத்தோடு ஏறினால், ஒரு கயிறும் இருக்கிறதா என்று கேட்பேன். இல்லையென்றால் வளையம் வண்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

அடுத்தது நேரம். மதுரையில் குடும்பம் கிளம்புவது என்றால் காபி, பலகாரம், பூ, சித்தி வீட்டுக்காரர் வரவேண்டியது எல்லாம் சேர்ந்து ஒன்பது மணி. ஒன்பதுக்குக் கிளம்பினால் மண்டையைப் பிளக்கிற வெயிலில் ஒரு மணிக்குக் கடற்கரையில் நிற்கலாம். மணல் காலைச் சுடும். பகலில் நிலம் சூடேறச் சூடேறக் கடலிலிருந்து காற்று கிளம்பும். பத்து, பதினொரு மணிக்கு மேல் அது வலுத்து, காலையில் சும்மா கிடந்த தண்ணீரையும் கிளப்பிவிடும். குளிக்க நல்ல நேரம் ஏழிலிருந்து பத்து. அதனால் நாலு மணிக்கு வண்டி எடுக்கவேண்டும். காலைப் பலகாரத்தைக் கையோடு கட்டிக்கொள்ள வேண்டும். மானாமதுரை தாண்டி ஒரு டீ, அவ்வளவுதான் வழியில்.

இதில் டிரைவருக்கு ஒரு பங்கு உண்டு, யாரும் அதை எழுதுவதில்லை. மூன்று மணிக்கு எழுந்தவன் ராத்திரி ஒன்பதுக்கு உங்களை வீட்டில் இறக்க வேண்டும் என்றால், மதியம் சாப்பிட்டபின் இரண்டு மணி நேரம் அவன் படுக்க வேண்டும். "அண்ணே, பக்கத்துல இன்னொரு கோயில் இருக்காம், ஒரு எட்டு போயிட்டு வந்துடலாமா?" என்பது அந்த நேரத்தில்தான் வரும். நான் முடியாது என்று சொல்லிவிடுவேன். பயணத் திட்டத்தில் முதலில் எழுதவேண்டிய வரி அந்தத் தூக்கம்தான்.

சரி, ஊர்களுக்கு வருவோம்.

சின்னப் பிள்ளைகள், வயசானவர்கள், கடலையே பார்க்காதவர்கள் சேர்ந்த கூட்டம் என்றால், வாடைக் காலம் தவிர மற்ற மாதங்களில் என் தேர்வு அரியமான். ராமநாதபுரம் தாண்டி, உச்சிப்புளிக்குப் பக்கத்தில் வடக்கே திரும்ப வேண்டும். மதுரையிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர். நீள மணல், பின்னால் சவுக்குத் தோப்பு, வெகுதூரம் நடந்தாலும் ஆழம் ஏறாத தண்ணீர். நிழல் இருக்கிற கடற்கரை என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது ஆச்சியை அழைத்துக்கொண்டு வந்தவர்களுக்குத்தான் தெரியும். ஆச்சி சவுக்கு நிழலில் பாய் விரித்து உட்கார்ந்து, பேரப்பிள்ளைகளைப் பார்த்துக் கத்திக்கொண்டே நாளை ஓட்டிவிடுவார். ஞாயிற்றுக்கிழமையில் கூட்டம் நெரியும், குப்பையும் கிடக்கும். முடிந்தால் வேலை நாளில் போங்கள். பக்கத்திலேயே பிரப்பன்வலசை. காற்றாடி கட்டிக்கொண்டு தண்ணீர்மேல் பாயும் விளையாட்டுக்கு வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். நாம் பயப்படுகிற காற்றைத் தேடி வருகிறவர்கள் அவர்கள். நின்று வேடிக்கை பார்க்கலாம்.

கிலோமீட்டர் கணக்கில் மதுரைக்கு நெருக்கமான கடல் தொண்டி. கொச்சியிலிருந்து வருகிற தேசிய நெடுஞ்சாலை மதுரை, சிவகங்கை வழியாக அங்கே போய்த்தான் முடிகிறது. 110 கிலோமீட்டர் இருக்கும். ஆனால் அலையடிக்கும் வெள்ளை மணல் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். சேறும், கரையில் ஒதுங்கி மக்குகிற கடல்தாழையுமாக இருக்கும். முகம் சுளிக்கிற பிள்ளைகளுக்கு, அந்தத் தாழையைத் தின்றுதான் ஆவுளியா என்கிற கடற்பசு உயிர் வாழ்கிறது என்று சொல்லுங்கள். தொண்டிக்குத் தெற்கே காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறை ஏற்பாட்டில் படகில் அழைத்துப் போகிறார்கள். குளிக்க வேண்டாம், பார்த்தால் போதும் என்பவர்களுக்கு இது அரை நாளில் முடிந்துவிடும். தேவிபட்டினம் நவபாஷாணமும் அதே கரையில்தான். அது கடலுக்குள் நின்று கும்பிடுகிற இடம், விளையாட அல்ல.

எல்லோரும் கேட்பது தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் ஊரையும், ஸ்டேஷனை நெருங்கிக்கொண்டிருந்த ரயிலையும் சேர்த்து வாரிக்கொண்டு போனது. இடிந்த தேவாலயமும் ஸ்டேஷன் சுவர்களும் இன்னும் நிற்கின்றன. முன்பெல்லாம் முகுந்தராயர் சத்திரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அங்கிருக்கும் ஜீப்பிலோ வேனிலோ மணலில் குலுங்கிக்கொண்டு போகவேண்டும். 2017இல் அரிச்சல்முனை வரைக்கும் தார்ச்சாலை திறந்தார்கள். இப்போது நம் வண்டியே போகிறது. மதுரையிலிருந்து அரிச்சல்முனை கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர். போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம். பொழுது சாய்ந்தால் போலீஸ் உள்ளே விடாது.

ஒரு நாளில் ராமேஸ்வரத்தில் இருபத்திரண்டு தீர்த்தம், தரிசனம், தனுஷ்கோடி, கலாம் நினைவிடம், கடலில் குளியல் என்று எழுதிக்கொண்டு வருபவர்களுக்கு நான் சொல்வது: இரண்டைத் தேர்ந்தெடுங்கள், மற்றதை அடிங்கள். மதியம் கோயில் நடை சாத்துவார்கள், அது தெரியாமல் பன்னிரண்டரைக்குத் தீர்த்த வரிசையில் நிற்பவர்கள் பலர். அரிச்சல்முனையில் கடலுக்குள் இறங்கவே கூடாது. இரண்டு கடலும் மோதுகிற இடம், கரைக்கு அருகிலேயே இழுப்பு அதிகம். எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள், அதில் சாய்ந்துகொண்டே போட்டோ எடுக்கிறார்கள். ஆடி மாதத்தில் போனால் கச்சான் மணலை வாரி முகத்தில் அடிக்கும். சாலைமேலேயே மணல் ஏறிக் கிடக்கும். ஒதுங்க நிழல் கிடையாது. தைக்குப் பிறகு போனால் அதே இடம் வேறு இடம்.

வாடைக் காலத்தில் தெற்குக் கரை என்றேனே, அதில் பக்கமாக இருப்பது சேதுக்கரை. திருப்புல்லாணிப் பெருமாளைச் சேவித்து, கோயில் பால் பாயசத்தைக் குடித்துவிட்டு அங்கே போகலாம். இன்னும் தெற்கே வாலிநோக்கம். இரண்டும் தர்ப்பணத்துக்கும் மீனுக்கும் பேர்போன கரைகளே தவிர, கடை கண்ணி, ராட்டினம் என்று எதிர்பார்க்க முடியாது. கீழக்கரை வழியாகத் திரும்பினால் தொதல் வாங்கலாம். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டிய அந்தக் கறுப்பு அல்வாவுக்காகவே சிலர் அந்த வழியைக் கேட்கிறார்கள்.

தூத்துக்குடிக்கு நாலுவழிச் சாலை, 150 கிலோமீட்டரும் வழுக்கிக்கொண்டு போகும். எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அது துறைமுக ஊர். முத்துநகர் கடற்கரையில் உட்கார்ந்து காற்று வாங்கலாம், பனிமய மாதா கோயிலைப் பார்க்கலாம், மக்ரூன் வாங்கலாம். குளிக்கப் போகிற ஊர் அல்ல. அதற்கு இன்னும் 40 கிலோமீட்டர் தள்ளித் திருச்செந்தூர்.

திருச்செந்தூரில் கோயிலும் கடலும் ஒட்டியே இருப்பதால் வீட்டில் பக்திக்கும் விளையாட்டுக்கும் சண்டை வராது. இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் "கடல் உள்வாங்கியது" என்று பேப்பரில் வரும். பாசி பிடித்த பாறைகள் வெளியே தெரியும். உடனே சுனாமியா என்று போன் வரும். அமாவாசை, பௌர்ணமியில் சூரியனும் சந்திரனும் ஒரே நேர்கோட்டில் நின்று இழுப்பதால் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம், அவ்வளவுதான். பயப்படவேண்டியது அந்தப் பாறையில் வழுக்கி விழுவதற்கு. முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வந்தவர்களை நான் வண்டியில் ஏற்றியிருக்கிறேன். பௌர்ணமி இரவுகளில் இப்போது கடற்கரையில் தங்குகிற கூட்டமும் சேர்ந்துகொண்டது. வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.

அங்கிருந்து பதினெட்டு கிலோமீட்டரில் மணப்பாடு. எனக்குப் பிடித்த கரை எது என்று கேட்டால் இதுதான். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல் குன்று, அதன்மேல் திருச்சிலுவைக் கோயில், கீழே 1542இல் சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை, ஒரு பக்கம் அலை, மறுபக்கம் அசையாத கழி. மதுரையிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல். ஒரு நாளில் போய்வரும் தூரத்துக்கு எல்லை இதுதான். திருச்செந்தூரையும் இதையும் ஒரே நாளில் சேர்க்காமல் இதற்கு மட்டும் போகிறவர்கள் வந்தால் நான் சந்தோஷமாக ஓட்டுவேன். அப்படி வருபவர்கள் குறைவு. திரும்பும்போது உடன்குடிக் கருப்பட்டி வாங்கிக்கொள்ளலாம்.

கன்னியாகுமரியா? 240 கிலோமீட்டருக்கு மேல். ஒரு ராத்திரி தங்குங்கள்.

போகக்கூடாத தேதிகளும் உண்டு. ஆடி, புரட்டாசி, தை அமாவாசைகளில் ராமேஸ்வரம் வேண்டாம். கந்தசஷ்டி, வைகாசி விசாகம், தைப்பூசத்தில் திருச்செந்தூர் வேண்டாம், சாமிக்காகப் போகிறவர்கள் போகட்டும். இன்னொன்று டிரைவர்களுக்கு மட்டும் தெரிந்தது: செப்டம்பர் 11ஐ ஒட்டிப் பரமக்குடியிலும், அக்டோபர் கடைசி நாட்களில் பசும்பொன்னிலும் நடக்கும் நினைவு நிகழ்ச்சிகளுக்காக ராமநாதபுரம் மாவட்டத்தில் வாடகை வண்டிகளுக்குக் கட்டுப்பாடு போடுவார்கள். தெரியாமல் வண்டி பேசினால் பாதி வழியில் திரும்ப வேண்டியதுதான்.

காற்றைப் பார், மாசத்தைப் பார் என்று இவ்வளவு சொன்னேன். இதற்கெல்லாம் அடங்காதது ஒன்று இருக்கிறது, கள்ளக்கடல். இங்கே காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். பல ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே பெருங்கடலில் கிளம்பிய புயலின் அலை நாள்கணக்கில் பயணம் செய்து நம் கரையில் வந்து ஏறும். 2024 மே 6ஆம் தேதி குமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை ஒரே நேரத்தில் கொண்டுபோனது அப்படிப்பட்ட கடல். ஐதராபாத்தில் இருக்கும் இந்தியக் கடல் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரித்திருந்தது. அந்தக் கரைக்காரர்களிடம் கேட்டால் இறங்காதே என்றிருப்பார்கள். வெளியூரிலிருந்து வருகிற நமக்குத்தான் எது சாதாரண அலை, எது இல்லை என்று தெரியாது. அதனால் எந்தக் கடற்கரையிலும் இறங்குமுன் அங்கே வலை சரிசெய்துகொண்டிருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்கள் படகையே மேலே ஏற்றிப் போட்டிருந்தால் கேட்கக்கூட வேண்டாம். அலைகளுக்கு நடுவில் ஒரு இடம் மட்டும் நுரையில்லாமல் அமைதியாகத் தெரிந்தால், அங்கேதான் இறங்கத் தோன்றும். தண்ணீர் உள்ளே திரும்பிப் போகிற பாதை அதுதான். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து நீந்தாமல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பைத் தாண்டியபின் திரும்ப வேண்டும்.

மீன் சாப்பிடுகிற ஆசையில் வருகிறவர்களுக்கு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன் மட்டும்தான், விலை ஏறிக் கிடக்கும். லீவும் அதே நாட்களில்தான். தூத்துக்குடிப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போக மாட்டார்கள். சனிக்கிழமை போனால் மீன் குவியும். கடற்கரையில் கேட்டவுடன் பத்தொன்பது பேருக்குக் குழம்புச் சோறு கிடைக்காது. முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும்.

கூட்டம் குறைவாக, நாலைந்து பேர் என்றால் வேனே வேண்டாம். காலையில் மதுரையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு பாசஞ்சர் ரயில் இருக்கிறது, சாயங்காலம் திரும்பிவிடலாம். என் பிழைப்புக்கு எதிராகச் சொல்கிறேன், ஆனால் 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதுப் பாம்பன் பாலத்தின்மேல் ரயிலில் போவது வண்டியில் கிடைக்காது. சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி எல்லோரும் கெஞ்சுவார்கள், அங்கே நிறுத்தக்கூடாது. வாடைக் காலத்தில் காற்று வரம்பு மீறினால் பாலத்தின்மேல் ரயிலை விடமாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடைசியாகத் தண்ணீர். கடலுக்குப் போகிறவர்கள் தண்ணீர் கொண்டுபோக மறக்கிறார்கள். குடிக்கத் தனியாக, உப்பு கழுவத் தனியாக. இருபது லிட்டர் கேன் இரண்டு என் வண்டியில் எப்போதும் இருக்கும். பெண்கள் உடை மாற்ற எல்லாக் கரையிலும் இடம் இருக்காது, இருந்தாலும் பூட்டிக் கிடக்கலாம். நாலு பழைய சேலையும் ஒரு கயிறும் இருந்தால் சவுக்குத் தோப்பிலேயே மறைப்புக் கட்டிவிடலாம். ஈரத்துணிக்குத் தனிச் சாக்கு. மணலோடும் உப்புத்தண்ணீரோடும் சீட்டில் உட்கார்ந்தால் சீட்டும் போகும், அடித்தகரமும் துருவேறும். மறுநாள் வண்டியை அடியோடு கழுவியாக வேண்டும். அந்தக் காசு வாடகைக்குள்ளா, வெளியேயா என்பதை முன்பணம் கொடுக்கும்போதே டிரைவரிடம் பேசிக்கொள்ளுங்கள்.